பழைய தவிலும் பழைய உறுமியும்: திருவிழாவுக்கு வாங்கலாமா?

பத்துமலை அடிவாரத்தில் நின்று 272 படிகளையும் அண்ணாந்து பார்த்தவாறு, காவடியைத் தோளில் தாங்கி நிற்கும் அன்பருக்கு அந்த வேளையில் துணை வருபவை இரண்டு. ஒன்று, சுற்றத்தார் எழுப்பும் ‘வேல் வேல்’ முழக்கம். மற்றொன்று, அருகில் அதிரும் மேளம். நெடுந்தூரம் நடந்து வந்த கால்கள் தளரும் இடத்தில் உறுமியின் ஓசை உயர்கிறது. அவர் ஆடுகிறார்; ஆடிக்கொண்டே முதற்படியில் கால் வைக்கிறார். அந்த நேரத்தில் தோல் கிழிந்து மேளம் ஓய்ந்துவிட்டால்? காவடி நிற்கும், அருள் வந்தவர் திகைப்பார், உடன் வந்த தாய்மார்கள் ‘என்ன குறையோ, ஏது பிழையோ’ என்று கலங்கிக் கைகூப்புவார்கள். குறை முருகப் பெருமானிடத்திலும் இல்லை, ஏற்ற விரதத்திலும் இல்லை. சில வாரங்களுக்கு முன் மலிவு விலையில் கைமாறி வந்த ஒரு பழைய மேளத்தில் இருந்திருக்கலாம்.

கார்த்திகையும் மார்கழியும் வந்துவிட்டால் நம் இளைஞர் குழுக்களிடையே பழைய மேளங்களின் விற்பனை சூடு பிடிக்கிறது. புதிதாகக் குழு அமைப்போர் பெரும்பாலும் பள்ளி முடித்த பிள்ளைகள். அல்லது வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்த வெள்ளியுடன், உபயகாரர் ஒருவர் அன்போடு அளித்த தொகையும் கையில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து புதிய தவிலும் உறுமியும் தருவிப்பதென்றால் கருவியின் விலையோடு அனுப்புச் செலவும் சேர்ந்துகொள்ளும். அப்படியிருக்க, பக்கத்து ஊரில் ஒரு குழு கலைந்துவிட்டது, அவர்களுடைய மேளங்கள் அனைத்தும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன என்ற செய்தி வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

பழைய கருவிகள் சந்தைக்கு வரும் வழிகள் சில உண்டு. குழுவிலுள்ள இளைஞர்கள் வேலை, திருமணம் என்று பிரிந்துவிடுவது முதல் வழி. நம் ஆலயங்களில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்ற வரும் தவில் வித்துவான்களில் சிலர், தாயகம் திரும்பும்போது கருவியை இங்கேயே விற்றுச் செல்வது இரண்டாவது. வாசித்தவர் மறைந்த பிறகு, அவர் பிள்ளைகளுக்குக் கைவராத கலையின் சின்னமாக வீட்டு மூலையில் கிடக்கும் தவில் மூன்றாவது. இவற்றுள் வித்துவான் விட்டுச் செல்லும் தவிலே பெரும்பாலும் நம்பத்தக்கது. அன்றாடம் வாசித்தவர் அன்றாடம் கவனித்துமிருப்பார். மூலையில் கிடந்த தவிலின் மீது குடும்பத்தாருக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், அதன் நிலையைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும்.

வாங்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு விடை அந்த மேளத்தின் எந்தப் பகுதிக்கு நாம் பணம் தருகிறோம் என்பதில் இருக்கிறது. தவில் என்பது இரண்டு வேறு ஆயுள்களைக் கொண்ட பொருள்களின் சேர்க்கை. பலாமரத் துண்டு ஒன்றை முழுதாகக் குடைந்து செய்யப்படும் அதன் உடல், பேணினால் தலைமுறை கடந்தும் நிற்கும். வலந்தலையும் தொப்பியும் ஆகிய இரு பக்கத் தோல்களோ தேய்ந்து மாறுவதற்கென்றே பிறந்தவை. பழைய தவில் வாங்குவோர் மரத்துக்கு மட்டும் விலை பேச வேண்டும். தோலுக்கு ஒரு வெள்ளியும் தரலாகாது. ‘தோல் போன வருடம்தான் போட்டது’ என்று விற்பவர் சொல்லுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தோல் இன்னும் எத்தனை திருவிழாவுக்கு வரும் என்பதை அவராலும் சொல்ல இயலாது.

மரத்தைப் பார்க்கும் முறை ஒன்றும் மறைபொருள் அன்று. பலாமரத்தின் வைரம் புதிதில் மஞ்சளாக இருந்து, காலப்போக்கில் பழுப்பேறிக் கருமை கொள்ளும். பழைய தவில் பழைய நிறத்தோடு இருப்பதே இயல்பு. பளபளவெனப் புதுச்சாயம் பூசியிருந்தால், அந்தச் சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை. மரத்தின் ரேகையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் வெடிப்பை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, மேலே சாயம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. உட்புறத்தில் மட்டும் தெரியும். ஆகவே, தோலைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்க்க விற்பவர் இசைவாரா என்பதே முதற்சோதனை. எப்படியும் மாற்றப்போகிற தோலைக் கழற்ற அவர் மறுத்தால், அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிவிடலாம்.

வண்டு துளைத்த மரத்தை அறிய நம் பெரியவர்கள் கையாளும் வழி இன்னும் எளிது. தவிலை ஓர் இரவு முழுவதும் வெள்ளைத் தாளின்மீது வைத்திருந்து காலையில் பார்த்தால் போதும். மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தூள் இல்லாத பழைய துளைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, தோல் படியும் வாய் விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேனும் பொரிந்தோ பள்ளமாகவோ இருந்தால், எத்தனை நல்ல தோலைப் போட்டாலும் அந்த இடத்திலேயே அறுபடும். கீழே விழுந்த தவில்களில் இந்தக் குறையே மிகுதி.

முற்காலத்தில் தவிலின் தோலைத் தோல்வார்களால் இழுத்துக் கட்டினார்கள். கடந்த சில பத்தாண்டுகளில் இரும்புத் திருகாணிகளால் முறுக்கும் அமைப்புப் பரவிவிட்டது. இழுத்துப் பிடிப்பது எளிதாயிற்று, கனமும் கூடிற்று. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதம் செல்லும் வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரதத்தோடு நடந்து வாசிப்பவரின் தோளைக் கேட்டால் அந்தக் கனம் எத்தகையது என்று சொல்லும். பழைய திருகாணித் தவிலை வாங்குவோர் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். திருகாணியின் மரை இன்னும் முறுக்க இடம் விட்டிருக்கிறதா, அல்லது முறுக்கி முறுக்கி எல்லைக்கே வந்துவிட்டதா? எல்லைக்கு வந்திருந்தால் தோல் இனி இழுபடாது என்று பொருள். நம் நாட்டு ஈரக்காற்றில் துருப்பிடித்த ஆணி, இறுக்கும்போது சட்டென மரை மழுங்கி நழுவும். ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகிய தோல் நெடுநாள் தாங்காது. ஆணிகளை மாற்றிக்கொள்ளலாம், அதற்கான செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

உறுமியின் கதை வேறு. உடுக்கையைப் போல இடை சிறுத்த உடலும், கயிற்றால் பிணைத்த இரு முகங்களும் கொண்டது அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமச் செய்வார்கள். மறுமுகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். அடிபடும் தோலைக் காட்டிலும் தேய்படும் தோலே விரைவில் மெலிகிறது. குச்சி ஓடிய தடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்தத் தடம் மெல்லியதாகி ஒளி ஊடுருவத் தொடங்கியிருந்தால், அந்த உறுமி தைப்பூசம் வரை உறுமலாம், தைப்பூசத்தன்று உறுமுமா என்பது ஐயமே. உறுமியின் உடல் சிறியது; செய்வதும் தவில் அளவுக்குக் கடினமன்று. ஆகவே பழைய உறுமிக்கும் புதிய உறுமிக்கும் விலையில் பெரிய இடைவெளி இல்லாவிடில் புதியதே மேல். குழுவில் இடம்பெறும் மற்றச் சிறு மேளங்களுக்கும் இதே கணக்கு.

பார்க்கப் போகும் வேளையும் முக்கியம். தோல் ஈரத்தில் தளரும், வெயிலிலும் நெருப்பிலும் இறுகும் என்பது மேளம் தொட்ட எல்லாரும் அறிந்தது. தப்பைத் தீயில் காய்ச்சி அடிப்பது நம் தோட்டத்துப் பிள்ளைகள் கண்டு வளர்ந்த காட்சி. நண்பகல் வெயிலில் வைத்து எடுத்த பழைய மேளம் கணீரென்று பேசும். அதே மேளத்தை அந்தி வேளையில் நிழலில் அரைமணி நேரம் வைத்திருந்து அடித்துப் பார்த்தால்தான் அதன் உண்மைக் குரல் கேட்கும். காவடிகளில் பெரும்பகுதி இரவிலும் விடியலுக்கு முன்பும்தானே புறப்படுகின்றன.

கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். கேட்கும் விலையோடு இரண்டு புதிய தோல்கள், வளையங்கள், ஆணிகள், தோள் வார், தோல் போடுபவரின் கூலி ஆகிய அனைத்தையும் கூட்ட வேண்டும். மொத்தத் தொகை, இங்கே வந்து சேரும் புதிய தவிலின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கினால் பழையதை வாங்குவது அறிவுடைமை. அதை மிஞ்சினால், மிச்சமாகும் சிறு தொகைக்காக ஒரு கருவியின் பழைய நோய்களையெல்லாம் விலைக்கு வாங்குகிறோம். நடைமுறையில் பலரும் இந்தக் கூட்டலைச் செய்வதில்லை. பாதி விலை என்றதும் கை நீட்டிவிடுகிறார்கள். பிறகு தோல் போடுபவரைத் தேடி அலைகிறார்கள். இந்நாட்டில் அந்தக் கைத்தொழில் அறிந்தோர் மிகச் சிலரே என்பதும், தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்கு ஓய்வே இராது என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது.

தவிலோடு ஒருபோதும் கைமாறாத பொருள் ஒன்றுண்டு. வலக்கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடுகளே அவை. துணியையும் மாவுப்பசையையும் விரலிலேயே சுற்றிக் காயவைத்துச் செய்துகொள்வது வழக்கமாதலால், ஒருவர் விரல் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. பழைய தவிலோடு கூடுகளையும் இலவசமாகத் தருவதாக எவரேனும் சொன்னால் அவர் தவில் வாசித்தவர் அல்லர் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, விலையைக் காட்டிலும் அதிகம் பேசப்படும் கேள்விக்கு வருவோம். ‘இது சாவு வீட்டில் அடித்த மேளமா? இதை எப்படிச் சுவாமிக்கு முன்னால் அடிப்பது?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டதால், நல்ல மேளங்களை விலை பேசிய பிறகும் விட்டுவந்த குழுக்கள் உண்டு. தவில் மங்கல வாத்தியம். நாகசுரத்தோடு சந்நிதியில் ஒலிப்பது. அந்த ஐயம் தவிலைப் பொறுத்தவரை அதிகம் எழுவதில்லை. உறுமியும் தப்பும் அப்படியல்ல. நம் முன்னோர் தோட்டங்களுக்கு வந்த காலந்தொட்டு, மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முன் அதிர்ந்த அதே மேளம்தான், தோட்டத்தில் ஒருவர் மறைந்தால் இடுகாடு வரை உடன் நடந்தது. இரண்டு மேளம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வசதியும் இல்லை. அந்த மேளத்தை அம்மன் வேண்டாமென்று சொன்னதாக எவரும் கேட்டதும் இல்லை.

மனத்தில் உறுத்தல் உள்ளவர்கள் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. பக்திக்கு மனநிறைவு தேவை. ஆனால் அதற்கும் விடை மேலே சொன்னதிலேயே இருக்கிறது. அடி வாங்கியது தோல்; அந்தத் தோலைத்தான் நாம் மாற்றப் போகிறோம். புதுத்தோல் போட்டு, ஆலயத்தில் வைத்துத் தீபாராதனை காட்டி எடுத்தால் அது குழுவின் சொந்த மேளம். ஆலயத்தின் நித்திய பூசைக்கான கருவியாக இருந்தால் குருக்களைக் கலந்துகொள்வது முறை. ஆனால், ‘யார் கையால் தோல் பதனிட்டது, எந்தச் சாதியார் அடித்தது’ என்று சிலர் மெல்லிய குரலில் தொடுக்கும் அடுத்த கேள்விக்கு விடை தேட வேண்டியதே இல்லை. சந்நிதியில் ஒலிக்கும் தவிலும் தோல் கருவிதான். அந்தத் தோலையும் ஒரு மனிதர்தான் பதனிட்டார்.

உபயகாரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆலயத்துக்குத் தவில் ஒன்று வாங்கித் தருவதாக வேண்டிக்கொள்ளும் அன்பர்கள் பலர். கையில் உள்ள தொகைக்குப் பழையது ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலையில், அதைச் சாயம் பூசிப் புதிதுபோல் சமர்ப்பிப்பதைக் காட்டிலும், ஆலயத்தில் ஏற்கனவே உள்ள தவிலுக்குத் தோல் மாற்றும் செலவை ஏற்பது மேலான காணிக்கை. பெயர்ப்பலகையில் பொறிக்க அது அவ்வளவு எடுப்பாக இராதுதான். வாசிக்கும் வித்துவானுக்கு அதன் அருமை தெரியும். ஆலய நிர்வாகத்தாரும், தவில் வாங்கும் முடிவை வித்துவானின் கைபடாமல் எடுக்கலாகாது. நாள்தோறும் காலையும் மாலையும் ஒலிக்க வேண்டிய கருவியில் மிச்சம் பிடிப்பது, திருவிழாக் குழு மிச்சம் பிடிப்பதைப் போன்றதன்று. ஆலயத் தவிலுக்கு ஓய்வு நாளே கிடையாது. மின்விசையால் தானே அடிக்கும் மேளமும் மணியும் பல ஆலயங்களில் வந்துவிட்டன. தோல் செலவை அஞ்சி அந்தப் பெட்டியை நம்பியிருக்கும் இடங்களில் பூசை நேரத்து ஓசை குறையவில்லை, உயிர் மட்டும் குறைந்துவிட்டது.

சிங்கப்பூர் அன்பர்களின் நிலை சற்று வேறு. அங்கே 1973 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக் கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016 ஆம் ஆண்டில்தான், சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி ஆலயம் வரையிலான வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. குழுவாகச் சேர்ந்து மேளம் வாங்கும் முன், அந்த ஆண்டுக்கு எங்கே, எவர் வாசிக்கலாம் என்ற விதிமுறையைக் கேட்டறிந்துகொள்வது பணத்தைக் காக்கும். பழைய கஞ்சிராவைத் தேடுவோருக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. முற்காலக் கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. இந்தியாவில் உடும்பு சட்டத்தால் காக்கப்பட்ட உயிரினம். அதன் தோலை நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதும் அனைத்துலக உடன்பாட்டின்படி குற்றமாகலாம். பழையது, தாத்தா காலத்தது என்று சொல்லி எல்லையில் தப்ப இயலாது. ஆட்டுத்தோல் கஞ்சிரா போதும்.

எல்லாம் சரி, எப்போது வாங்குவது? தைப்பூசத்துக்கு முன்பு வாங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. ஐப்பசி, கார்த்திகையில் இந்நாட்டு மழை உச்சத்தில் இருக்கும். நனைத்து இழுத்துக் கட்டிய புதுத்தோல் அந்த ஈரத்தில் சரியாகக் காய்வதில்லை. காயாத தோலை முறுக்கினால் விரைவில் தளர்ந்துவிடும். விலையும் அப்போதுதான் ஏறியிருக்கும். தைப்பூசம் முடிந்து சில வாரங்களில், ‘இனி அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று குழுக்கள் கலையும்போது விலை இறங்குகிறது. அப்போது விலை பேசி வைத்து, ஆனி, ஆடியின் வெயிலில் தோல் போட்டுக்கொண்டால் புரட்டாசி நவராத்திரியில் மேளம் தயாராக இருக்கும். சரஸ்வதி பூசையன்று மற்றக் கருவிகளோடு அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் விஜயதசமியில் முதல் அடி அடிக்கலாம்.

பிறகு மார்கழி முழுவதும் பயிற்சி. தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, மேளத்தைத் தோளில் மாட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் நடந்துகொண்டே வாசித்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். உறுமிக்கு வளையத்தில் கட்டிய மாற்றுத்தோல் ஒன்றும், கயிறும், தவிலுக்கு இரண்டு திருகாணிகளும் ஒரு பையில் போட்டு, காவடியோடு நடக்கும் தம்பி ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பால்குடம் சுமக்கும் தங்கையிடம் அந்தப் பையையும் சேர்த்துத் தரலாகாது.